கண்டம் காயும் நாட்கள்

பிப்ரவரி 25, சனி

என் மனைவி மங்கையின் கழுத்தில், வலது காதுக்குக் கீழே இருக்கும் கழலையிலிருந்து இன்று ஒரு துண்டு எடுத்தார்கள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. காலை 10.20க்கு உள்ளே போனாள், 11.05க்கு வெளியே வந்தாள். மூன்று தையல். புற்றுநோயா இல்லையா என்று ஆய்வுக்கூடம் சொல்லப் பத்து நாள் ஆகுமாம். மார்ச் 7, செவ்வாய்க்கிழமை, ரசீதைக் காட்டி அறிக்கையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முப்பத்திநாலு வருடம் நாளிதழ் ஒன்றுக்கு மானாமதுரைச் செய்தியாளனாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு குறிப்பேட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இந்தப் பத்து நாளை மட்டும் எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது. பயம் ஒன்றும் இல்லை. பழக்கம்.

திரும்பி வரும் பேருந்து திருப்புவனம் தாண்டியது. மங்கை சொன்னாள்: "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ரெண்டு கிலோ தொடைக்கறி வாங்கியாங்க, எலும்பில்லாம."

"எதுக்கு?"

"கண்டம் போடணும். மாசி வெயில் சும்மா போகுது."

எங்கள் வீட்டில் கண்டம் என்றால் உப்புக்கண்டம். காலையில் பழைய சோற்றுக்கு அதைத் தவிர வேறு எதையும் மங்கையின் பிறந்த வீட்டில் மதிக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 26, ஞாயிறு

கழுத்தை வளைக்க முடியாததால் மங்கை நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள், நான் செய்தேன். இருபத்தெட்டு வருட மணவாழ்க்கையில் நான் கறி அறுத்தது இதுவே முதல் முறை.

"நாருக்குக் குறுக்கே போகாதீக. நீளவாக்குல. விரல் தடிமனுக்கு."

"இது விரல் தடிமன்தான்."

"யார் விரல்? யானைக்கு விரல் இருந்தா இப்படித்தான் இருக்கும்."

கல்லுப்பு, மஞ்சள்தூள், வரமிளகாயும் பூண்டும் சேர்த்து அரைத்த விழுது. பிசைந்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, கோணி ஊசியில் சணல் கோத்து ஒவ்வொரு துண்டாக மாலை கட்டினேன். அறுபத்திரண்டு துண்டு. மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்டபோது மணி பதினொன்று.

மதியம் மங்கையின் தம்பி பாண்டித்துரை மதுரையிலிருந்து பேசினான். உரக்கடை வைத்திருக்கிறான். அக்கா மேல் உயிர். ஜோசியர் மேலும் அதே அளவு.

"மச்சான், அக்கா ஜாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்பத்தாறு முடியறதுக்குள்ள ஒரு கண்டம் இருக்காம். அதைத் தாண்டிட்டா எம்பது வரைக்கும் அசைக்க முடியாதாம்."

"மாப்ளே, ஜோசியர் சொன்னதை வச்சு நான் ஒரு வரிச் செய்திகூட அனுப்புனது இல்ல."

"உங்களுக்கு நம்பிக்கை இல்ல, சரி. அக்காட்ட குடுங்க."

மங்கை வாங்கிப் பேசினாள். "காயுதுடா... இந்தக் கண்டம் ஆறு நாள்ல காஞ்சிரும்... அந்தக் கண்டமா? அதையும் பாப்போம்." சிரித்தாள். தையல் இழுத்ததால் உடனே நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரி 27, திங்கள்

காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மாடியில் குடையோடு காவல். காக்கைகள் இரண்டு இரண்டாக வருகின்றன. ஒன்று குடையைப் பார்க்கிறது, மற்றது கறியைப் பார்க்கிறது. மூன்று சட்டமன்றத் தேர்தல்களுக்கு வாக்கு எண்ணும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

பிப்ரவரி 28, செவ்வாய்

நல்ல வெயில். ஒரு துண்டுகூடப் போகவில்லை. மங்கை தூங்குவதில்லை. தூங்குகிறேன் என்கிறாள்.

மார்ச் 1, புதன்

மூன்று மணிக்கு மேகம். மாலையை அவிழ்த்துக் கீழே கொண்டுவந்து, நாலரைக்கு வெயில் வந்ததும் திரும்ப ஏற்றினேன்.

கைபேசியில் கழுத்துக் கழலை பற்றி ஏழு கட்டுரை படித்தேன். மூன்றில் ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லை. மற்ற நாலைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 3, வெள்ளி

காய்ந்துவிட்டது. இரண்டு கிலோ, எண்ணூறு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. மங்கை இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிக் காதருகே வைத்துக் கேட்டாள். மரக்கட்டைச் சத்தம் வந்தால் பதம் சரியாம்.

"கேக்குதா?"

"கேக்குது."

"உங்களுக்கு எது கேட்டாலும் கேக்குதும்பீக" என்று நாலு துண்டை இன்னும் ஒரு நாளுக்குத் திருப்பி அனுப்பினாள்.

மார்ச் 4, சனி

தையல் பிரித்தாகிவிட்டது. சதை ஒட்டிவிட்டது, சிவப்பு இல்லை என்றார் நர்ஸ். அதுவே பெரிய செய்தி போல இருந்தது.

மாலையில் இரண்டு கண்டத்தை எண்ணெயில் பொரிக்கப் போய், அந்தப் புகையில் மங்கைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கழுத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு இருமினாள். நான் அடுப்பை அணைத்தேன்.

"இனிமே உள்ள வேண்டாம். கொல்லையில கரி போட்டுச் சுட்டுத் தாரேன்."

"நீங்களா?"

"நான்தான்."

அவள் வாணலி பிடிக்கும் துணியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 5, ஞாயிறு

தோல்வி. செங்கல்லை மூன்று பக்கமும் அடுக்கி, நடுவில் கருவேலங்கரி போட்டு மூட்டி, மேலே பழைய மேசை விசிறியின் கம்பிக்கூட்டை வைத்தேன். கரி நன்றாகக் கனன்றது. கண்டத்துக்கு முன்னால் கூட்டில் இருந்த பெயிண்ட் வெந்தது. பச்சைப் புகை. மங்கை முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவைச் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது: "விசிறியையே சுட்டுட்டீகளா?"

ஆறு துண்டு வீண். காலை உணவு: ரவா உப்புமா.

மார்ச் 6, திங்கள்

வெல்டிங் பட்டறையில் பெயிண்ட் அடிக்காத எட்டு மில்லிமீட்டர் கம்பி ஒன்பதை விரலிடை விட்டுப் பற்றவைத்து வாங்கினேன். பட்டறைக்காரர் "எதுக்கு சார், சன்னலுக்கா?" என்றார். இட்லிக்கு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை.

மார்ச் 7, செவ்வாய், மதியம் 1.00

வரிசையாக எழுதுகிறேன்.

காலை 6.15க்குப் பாண்டித்துரை வந்தான். ஆய்வுக்கூட ரசீதை வாங்கிக்கொண்டு மதுரை போய் அறிக்கையை எடுத்து வருவது அவன் பொறுப்பு. நான் போகிறேன் என்றதற்கு மங்கை ஒத்துக்கொள்ளவில்லை. நான் அங்கே நின்று அறிக்கையைப் படிப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியாதாம்.

6.30க்குக் கரி மூட்டினேன். தழல் அடங்கி மேலே சாம்பல் பூக்கும்வரை காத்திருந்தேன். கண்டத்தைத் தண்ணீரில் ஒரு முறை அலசிக் கம்பியில் பரப்பினேன். கொழுப்பு உருகிக் கரியில் சொட்டும்போது சின்னச் சின்னதாகப் பொரிகிற சத்தம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம். சுட்டதை மங்கை அம்மியில் வைத்துக் குழவியால் ஒரே தட்டுத் தட்டினாள். நார் பிரிந்து மலர்ந்துகொண்டது. பழைய சோறு, சின்ன வெங்காயம்.

பாண்டித்துரை சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "மச்சான், இதை நீங்க ரிப்போர்ட்டர் ஆகுறதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாம்."

மங்கை மூன்று துண்டு எடுத்து ஒன்றைச் சாப்பிட்டாள். இன்னும் சுடாத கண்டத்தில் இருபது துண்டைப் பொட்டலம் கட்டித் தம்பியிடம் கொடுத்தாள். 7.40 பேருந்துக்கு அவன் கிளம்பினான்.

11.40க்கு அவனிடமிருந்து குரல் செய்தி. பின்னால் பேருந்து ஹாரன், கூட்டம். சரியாக அவன் சொன்னது இது: "கண்டம் போச்சு மச்சான். அக்காட்ட நீங்களே சொல்லிருங்க. போன்ல சார்ஜ் இல்ல." திரும்பக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மங்கை சமையலறையில் துவரம்பருப்பில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். தட்டைத் தரையில் வைத்தாள்.

"யார் சொன்னது?"

"பாண்டித்துரை. இப்பத்தான்."

"பேப்பர்ல போட்டிருக்கா? ஒண்ணும் இல்லேன்னு?"

ஆமாம் என்றேன்.

எழுந்து முகம் கழுவப் போனாள். ரொம்ப நேரம் குழாய் ஓடியது. ஜோசியருடைய வார்த்தையை நானும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. கண்டம்தான். போகட்டும்.

இப்போது தூங்குகிறாள்.

அதே நாள், மாலை 5.30

4.10க்குப் பாண்டித்துரை கடைத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டான். அக்காவிடம் சொல்லிவிட்டேனா என்று கேட்டான். சொல்லிவிட்டேன் என்றேன்.

"ரொம்பத் திட்டுச்சா?"

"எதுக்குத் திட்டணும்?"

"இருபது துண்டு மச்சான். பஸ்ல மேல வச்சேன், இறங்கும்போது மறந்துட்டேன். திரும்பி ஓடுறதுக்குள்ள பஸ் போயிருச்சு. அக்கா கழுத்து வலியோட கட்டிக் குடுத்தது."

அறிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது வரல மச்சான். அந்தத் துண்டுக்கு வேற ஏதோ சாயம் ஏத்திப் பாக்கணுமாம், பெரிய டாக்டர் பாக்கணுமாம். வெள்ளிக்கிழமை அக்காவையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அதை நேர்ல வந்து சொல்லலாம்னுதான்..."

குரல் செய்தியை மறுபடி கேட்டேன். மூன்று முறை. 11.40க்கே மூன்று முறை கேட்டிருக்க வேண்டும். ஒரு சிறுவிபத்துச் செய்திக்குக்கூட காவல் நிலையத்தையும் மருத்துவமனையையும் கேட்காமல் எழுதியவன் இல்லை நான். இன்று ஓர் ஆள், ஒரு வார்த்தை, அணைந்த கைபேசி. அதுவும் தவிர, அறிக்கையில் போட்டிருக்கிறதா என்று அவள் கேட்டபோது ஆமாம் என்று சொன்னேன். அது பிழை இல்லை. அது நான் சேர்த்தது.

மங்கை எழுந்துவிட்டாள். அடுக்களையில் ஏதோ தாளிக்கிறாள். எதிர் வீட்டு ராக்காயியிடம், பேப்பரில் ஒன்றும் இல்லையாம் என்று சன்னல் வழியாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது போய்ச் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

மார்ச் 8, புதன்

காலை 6.40. கரி மூட்டினேன். மங்கை மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பில் பாதியைக் காணோம்.

"மங்கை, ஒரு திருத்தம்."

"என்ன திருத்தம்?"

சொன்னேன். பொட்டலம், பேருந்து, சாயம், வெள்ளிக்கிழமை. எதையும் விடவில்லை. அவள் என் கையிலிருந்த இடுக்கியை வாங்கி, கம்பியில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.

"பேப்பர்ல போட்டிருக்குன்னீக."

"சொன்னேன்."

"பாத்தீகளா?"

"பாக்கல."

"முப்பத்திநாலு வருசம் ஊருக்குச் செய்தி சொன்ன மனுசன். வீட்டுக்கு ஒரு செய்தி சொல்லத் தெரியல."

நான் தணலைக் கிளறினேன்.

கடைசித் துண்டையும் திருப்பினாள். "நேத்து ராத்திரி அசந்து தூங்குனேன். எத்தனை நாளைக்கப்புறம். அதுக்கு என்ன திருத்தம் போடுவீக? அந்தத் தூக்கத்தைத் திருப்பி வாங்குவீகளா?"

"மாட்டேன்."

"அப்ப விடுங்க" என்றாள். பிறகு, "இருபது துண்டு. எவ வீட்டுச் சட்டியில கெடக்கோ. அந்தத் தடிப்பயலை வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

சுட்டதை அம்மியில் வைத்துத் தட்டினாள். குழவியை வழக்கத்தைவிட ஓங்கித் தட்டினாள். இருவரும் சாப்பிட்டோம். ராக்காயியிடம் இன்னும் சொல்லவில்லை. அதைத் தானே பார்த்துக்கொள்வதாக மங்கை சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 9, வியாழன்

இரண்டு பேரும் தூங்கவில்லை. ஒருவருக்கொருவர் மறைக்கவும் இல்லை. அந்த வகையில் முந்தின ராத்திரியைவிடப் பரவாயில்லை.

மார்ச் 10, வெள்ளி

மதுரை. பாண்டித்துரை பேருந்து நிலையத்தில் நின்றான். அக்காவைப் பார்த்ததும் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எங்கடா கண்டம்?"

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

"திரும்பி வந்து பேசிக்கிறேன்."

மருத்துவர் இளம் பெண். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். அறிக்கையை மேசைமேல் விரித்து, என்னைப் பார்க்காமல் மங்கையைப் பார்த்துப் பேசினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"கழலைல இருக்கிறது டிபி கிருமிம்மா. நுரையீரல்ல இல்ல, கழலைல மட்டும். புற்றுநோய் இல்ல."

"இல்லையா?"

"இல்ல."

நான் குறிப்பேட்டை எடுத்தேன். மறுபடி ஒரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். அந்தச் சாயம் எதற்கு என்று கேட்டேன். கிருமியைத் தெளிவாகப் பார்ப்பதற்கு என்றார். அப்படியானால் புற்றுநோய் இல்லை என்பது உறுதிதானா என்று கேட்டேன்.

"சார், மூணாவது தடவை சொல்லிட்டேன். எழுதிக்கிட்டீங்கள்ல? கையெழுத்துப் போட்டுத் தரவா?"

அவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் குறிப்பேட்டையும் பேனாவையும் நீட்டிவிட்டேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, வாங்கிக் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார். மங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் தினமும் மாத்திரை. அரசு மருத்துவமனையில் கொடுப்பார்கள். கழலையில் இருப்பதால் மற்றவருக்கு ஒட்டாது. நடுவில் நிறுத்தக் கூடாது. நன்றாகச் சாப்பிட வேண்டும்: முட்டை, பயறு, கறி.

"உப்புக்கண்டம் திங்கலாமா?" என்று மங்கை கேட்டாள்.

"பிபி இருக்காம்மா?"

"எனக்கு இல்ல. இவுகளுக்குத்தான் இருக்கு."

"அப்ப நீங்க சாப்பிடுங்க. அவர் கொஞ்சமா."

வெளியே வந்ததும் பாண்டித்துரை நடைபாதையில் நின்று அழுதான். மங்கை அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். "இது இருபது துண்டுக்கு" என்றாள். பிறகு அதே கையால் அவன் முதுகைத் தடவினாள்.

பேருந்தில் ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாள்: "டிபின்னா தெருவுல ஒரு மாதிரி பேசுவாகள்ல?"

"பேசலாம்."

"ராக்காயிட்ட நானே சொல்லிர்றேன். நம்ம சொல்லாட்டி அவளா ஒண்ணு சொல்லுவா." மருத்துவரின் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஆறு மாசம். போகட்டும். ஆறு மாசம்தானே."

மார்ச் 11, சனி

அரசு மருத்துவமனையில் பெயர் பதிந்தோம். எடை பார்த்து, மாத்திரை அட்டையைக் கொடுத்தார்கள். நாளை முதல் காலையில் வெறும் வயிற்றில். விழுங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு.

மார்ச் 12, ஞாயிறு

6.00 மாத்திரை. 6.20 கரி மூட்டினேன். 6.50க்குச் சாம்பல் பூத்தது. எட்டுத் துண்டு பரப்பினேன்.

6.52க்குக் குளியலறையிலிருந்து மங்கையின் அலறல். "என்னங்க! ரத்தம்!"

ஓடினேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது என்றாள். பிறகுதான் நினைவு வந்தது. குறிப்பேட்டை எடுத்துவந்து கதவுக்கு வெளியே நின்று படித்தேன்: "மாத்திரையால் சிறுநீர், வியர்வை, கண்ணீர் செம்மஞ்சள் நிறமாகும். பயப்பட வேண்டாம்." மருத்துவர் சொன்னது. வெள்ளிக்கிழமை. என் கையெழுத்து.

உள்ளே வாளியை நகர்த்தும் சத்தம்.

"இதை எப்பச் சொல்லலாம்னு இருந்தீக?"

"மறந்துட்டேன்."

"ஒரு செய்தியை இல்லாம சொல்றீக. ஒரு செய்தியை இருந்தும் சொல்ல மாட்டீக" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கழுத்தைப் பிடிக்கவில்லை. இருமல் வரவில்லை. நானும் வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன்.

கொல்லைக்குத் திரும்பியபோது எட்டுத் துண்டும் கரியோடு கரியாகிவிட்டன. இன்னொரு எட்டு எடுத்துவந்து போட்டேன். இந்த முறை மங்கை மோடாவில் உட்கார்ந்து திருப்பும் நேரம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் நினைத்ததற்கு முன்னாலேயே சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவள்தான் சரி.

ஐந்து துண்டு சாப்பிட்டாள். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். பழைய சோற்றுச் சட்டியில் இருந்த நீச்சத்தண்ணீரை உப்பும் மோரும் விட்டு ஒரே மூச்சில் குடித்தாள். "இந்தத் துண்டு கொஞ்சம் ஊறியிருக்கணும்" என்றாள். "அடுத்த தடவை இன்னும் மெல்லிசா அறுங்க" என்றாள். "கம்பியைத் தேய்ச்சு வைங்க, துருப்பிடிச்சிரும்" என்றாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு நான் வந்தபோது அவள் தென்னை நிழலில் நைலான் கட்டிலில் படுத்திருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை ஒன்று கட்டிலுக்கு வெளியே தொங்கியது. தழும்பின் மேல் வெயில் விழாமல் இருக்கக் குடையை விரித்துச் சாய்த்து வைத்தேன். மணி 8.25.

அடுப்பில் இன்னும் தணல் இருந்தது. தண்ணீர் ஊற்றினால் சீறும். தானாக அணையட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.